பக்கத்து மிஸ்

தம்பி, அந்தப் பையை மேல வைக்காதீங்க. டிரைவர் ஒரு பிரேக் போட்டார்னா அது நேரா என் மண்டைக்குத்தான் வரும். ஆமா, மடியில வச்சுக்கங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்குப் பழக்கமாயிருச்சு. எதைப் பாத்தாலும் இது எங்க விழும், யார் மேல விழும்னுதான் கண்ணு போகுது. வீட்டுல தோசைக்கல்லோட கைப்பிடி உள்பக்கமா திரும்பியிருக்கான்னு பாத்துட்டுத்தான் வாசப்படி தாண்டுவேன். என் சம்சாரம் கோமளா சொல்லும், ஒங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஆம்புலன்சைக் கட்டியிருக்கலாம்னு. அது கெடக்கு. அதுக்கு என் வேலையைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

மன்னார்குடிக்கு முன்னாடி வடுவக்கொல்லைன்னு ஒரு ஸ்டாப்பிங் வரும் பாருங்க, அதுதான் நமக்கு ஊரு. வைரக்கண்ணுன்னு பேரு. அங்க வயலுக்கு நடுவுல ஒரு கேஸ் ஸ்டேஷன் இருக்கு. சமையல் சிலிண்டர் விக்கிற எடம்னு நெனைச்சுக்காதீங்க. பூமிக்குள்ளேர்ந்து வர்ற கேஸை நாலா பக்கமும் குழாய் பதிச்சுக் கொண்டாந்து சேக்கிற எடம். அங்க கேட்டுல நாந்தான். சில பேரு வாட்ச்மேன்னு சொல்லுவாங்க. என் மச்சான் ஒருத்தன் கரண்டு ஆபீசுல இருக்கான், அவன் வேணும்னே சொல்லுவான், என்ன வாட்ச்மேன், சௌக்கியமான்னு. வாட்ச்மேன் இல்லை தம்பி. அடையாள அட்டையில பாதுகாப்புப் பணியாளர்னு போட்டிருக்கு. எங்களுக்கு ஜெனிட்டா மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்க அட்டையில பாதுகாப்பு அதிகாரின்னு இருக்கும். அவங்களும் பாதுகாப்பு, நானும் பாதுகாப்பு. ஒரே டிபார்ட்மென்ட்டு. அவங்க என்னா படிச்சிருக்காங்க, நான் என்னா படிச்சிருக்கேன்கிறது வேற விஷயம்.

எங்க கேட்டுக்கு மேல ஒரு போர்டு இருக்கு. 'விபத்தில்லா நாட்கள்'னு எழுதி, பக்கத்துல மூணு கொக்கி. அதுல நம்பர் தகடு மாட்டணும். இத்தனை நாளா யாருக்கும் அடிபடலைன்னு அர்த்தம். தினமும் காலையில ஏழு மணிக்கு ஸ்டூல் மேல ஏறி நம்பரை மாத்துறது என் வேலை. ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு நானே மாத்துனேன். காச்சல்ல கெடந்தப்பகூட வந்து மாத்திட்டுப் போயிருக்கேன். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், கம்பி வச்சுக் கட்டியிருக்கேன். ரெண்டு தடவை அதுலேர்ந்து விழுந்துருக்கேன். ரெண்டு தடவையும் நான் வெளியில சொல்லலை. நம்பர் மாத்துறவனே விழுந்துட்டான்னு எழுதுனா நம்பர் பூஜ்யத்துக்குப் போயிரும்ல. அந்த அளவுக்கு அந்தப் போர்டைக் காப்பாத்துனவன் நான்.

எங்க மேனேஜர் சதாசிவம் சாரு ஒருநாள் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாரு, 'வைரக்கண்ணு, ஆயிரமாவது நாளைக்கு மேலேர்ந்து டைரக்டர் வர்றாரு. மேடை போட்டு, பாதுகாப்புக்கு ஒரு கேடயம் குடுக்கப் போறாங்க. ஆயிரம் நாள் ஏறி எறங்கினவன் நீ. ஒனக்கு இல்லாம யாருக்கு?'

அன்னிக்குப் பிடிச்சது தம்பி எனக்கு. அந்தக் கேடயத்தை வாங்கணும், டைரக்டர் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும், அது பேப்பர்ல வரணும், அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போயி என் மச்சான் வீட்டு டீவி மேல வைக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கலை.

நம்பர் தொள்ளாயிரத்து அறுபதைத் தாண்டினப்போ மேடம் புதுசா ஒரு ஏற்பாடு கொண்டாந்தாங்க. பாதுகாப்பு சுற்றுச்சூழல் வாரம்னு பேரு. பிளாஸ்டிக் கப்பு கூடாது, கொட்டாங்கச்சியில டீ குடின்னாங்க. ஐநூறு மரக்கன்னு நட்டோம். அதை ஆடு திங்காம பாத்துக்கிறதும் என் பொறுப்புதான். நான் என்னா பண்ணுனேன், 'ஆடுகள் உள்ளே வரக்கூடாது'ன்னு பெருசா ஒரு போர்டு எழுதி வச்சேன். இப்ப போனாலும் பாக்கலாம், ஐநூறு குழியும் நல்லா இருக்கு.

அந்த வாரத்துலதான் ஒரு மீட்டிங். மேடம் பேசுறாங்க. மேடம் நாகர்கோவில்காரங்க, தமிழே ஒரு ராகமா வரும், கேட்டுக்கிட்டே இருக்கலாம். பாதியில சதாசிவம் சாரு என்னைப் பாத்து, போயி டீ சொல்லிட்டு வான்னாரு. நான் போயி, பதினாலு டீ, அதுல ரெண்டு சக்கரை இல்லாம, கொட்டாங்கச்சிக்குச் சொல்லிட்டுத் திரும்பி வந்து நிக்கிறேன், மேடம் சொல்லி முடிக்கிறாங்க: 'அதனால எல்லாரும் வாரத்துக்கு ஒரு நியர் மிஸ்சாவது எழுதிப் பெட்டியில போடணும். ஊர் மக்களும் போடலாம். அவங்களுக்குத்தான் நம்மளைவிட அதிகமாத் தெரியும்.'

எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் ஆட்டுனேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க. மிஸ்னா யாரு? பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லித் தர்ற பொம்பளை. கல்யாணம் ஆகாத பொண்ணு. நம்ம மேடத்துக்கும் கல்யாணம் ஆகலை, பாடமும் சொல்லித் தர்றாங்க. சரியா. நியர்னா பக்கம். மெட்ராஸ் ஆபீசுல இன்னொரு அம்மா இதே வேலையில இருக்காங்க, அவங்க தூரம். இவங்க கிட்ட. அப்ப நியர் மிஸ்னா பக்கத்துல இருக்கிற மிஸ். இதுல என்னா தப்பு இருக்கு? குறை ஏதும் இருந்தா தூரத்து மிஸ்சுக்கு எழுதாத, பக்கத்து மிஸ்சுக்கு எழுதிப் போடு. நல்ல ஏற்பாடுதானேன்னு நெனைச்சேன். அர்த்தம் கேட்டிருக்கலாம்ல அப்படீங்கிறீங்க. புரியாததைத்தான் தம்பி கேப்பாங்க. எனக்குத்தான் புரிஞ்சிருச்சே.

பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சு கேட்டுக்கு வெளியில மாட்டுனோம். ஊருக்குள்ள போயி இதைச் சொல்லிட்டு வான்னு சாரு எங்கிட்டதான் விட்டாரு. ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு நாலு தெருவும் போனேன். என்ன சொன்னேன்னு இன்னும் ஞாபகம் இருக்கு. 'வடுவக்கொல்லை பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நமது கேஸ் ஸ்டேஷனுக்கு நியர் மிஸ் வந்திருக்கிறார்கள். உங்கள் மனக்குறை எதுவாக இருந்தாலும் பக்கத்து மிஸ் அவர்களுக்கு எழுதி, பச்சைப் பெட்டியில் போடவும். ரகசியம் காக்கப்படும்.' ரகசியம் மட்டும் நான் சேத்தது. அது இல்லாட்டி யாரு எழுதுவா?

எழுதுனாங்க தம்பி. கொட்டித் தீத்துட்டாங்க. மொத வாரம் நாப்பத்தாறு.

மேடத்துக்கு மூணு ஸ்டேஷன். வாரத்துல ஒரு நாள்தான் எங்களுக்கு வருவாங்க. அந்த மாசம் முழுக்க ஆடிட்டு, ஆடிட்டுன்னு அந்தப் பக்கமே ஓடிக்கிட்டு இருந்தாங்க. அதனால சாரு, 'வைரக்கண்ணு, நீயே பெட்டியைத் தொறந்து எண்ணி, எத்தனைன்னு மட்டும் சொல்லு. அதை மெட்ராசுக்கு அனுப்பணும்'னாரு. எண்ணிச் சொன்னேன். நாப்பத்தாறு. ரெண்டாவது வாரம் அம்பத்தி மூணு. மெட்ராசுலேர்ந்து போன்ல பாராட்டு. எந்த ஸ்டேஷன்லயும் நாலு அஞ்சுக்கு மேல வரலையாம், வடுவக்கொல்லையில மட்டும் ஜனங்க எவ்வளவு விழிப்பா இருக்காங்கன்னு பேசிக்கிறாங்களாம். சதாசிவம் சாரு ரெண்டு நாள் நடக்கவே இல்லை, மெதந்துக்கிட்டு இருந்தாரு.

எண்ணு மட்டும்னாரு. நான் படிச்சும் பாத்தேன். ரகசியம் காக்கணும்னா என்ன ரகசியம்னு தெரியணும்ல. எல்லாத்தையும் கட்டுக்கட்டாப் பிரிச்சு நூல் போட்டு வச்சேன். ஒண்ணு குடும்பம், ஒண்ணு கால்நடை, ஒண்ணு கல்யாணம், ஒண்ணு இதர. குடும்பக் கட்டுதான் கனம். 'பக்கத்து மிஸ் அவர்களுக்கு, என் மருமகள் நான் வந்தால் டீவி சத்தத்தைக் கூட்டுகிறாள்.' அந்த மருமகளும் எழுதிப் போட்டிருந்துச்சு, 'மாமியாருக்குக் காது கேட்பதில்லை என்று கூட்டினால் அதற்கும் சண்டை.' ரெண்டையும் ஒண்ணா வச்சுக் குண்டூசி குத்துனேன். கல்யாணக் கட்டுல ஏழு கடுதாசி. மிஸ்சுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு கேள்விப்பட்டோம், பையன் கால்நடை ஆஸ்பத்திரியில இருக்கான், சாதகம் இணைத்துள்ளோம்னு. அதைக் கால்நடையில வைக்கிறதா கல்யாணத்துல வைக்கிறதான்னு அரை நாள் யோசிச்சேன்.

எங்க ஊர்ல தையல்நாயகின்னு ஒரு பொம்பளை. வாத்து மேய்க்குது. அறுப்பு முடிஞ்ச வயல்ல மேயவிட்டு, நடுவாய்க்கால்ல எறக்கிவிடும். முந்நூறு வாத்து இருக்கும். வாயும் அதே அளவுதான். எனக்கும் அதுக்கும் ஆகாது, ஏன்னா கேட்டு முன்னாடி ஓட்டிக்கிட்டுப் போறப்ப வரிசையாப் போகச் சொல்லுன்னா கேக்காது. வாத்தா, அதா? ரெண்டுந்தான்.

தொள்ளாயிரத்து எண்பத்தி எட்டாம் நாளு. ஸ்டூல் மேல நிக்கிறேன். கையில எட்டு. அது வந்து கீழ நின்னுக்கிட்டு, 'யோவ் வைரக்கண்ணு, வாய்க்கால்ல வாத்து எறங்க மாட்டேங்குதுய்யா'ங்குது. நான் சொன்னேன், 'நம்பர் மாத்துறப்ப பேச்சுக் குடுக்காத தாயி. நான் விழுந்தா யாரு பொறுப்பு?' போயிருச்சு. தொண்ணூறாம் நாளு மறுபடி வருது. 'கரையில நின்னுக்கிட்டுக் கத்துதுய்யா. தண்ணி கொப்புளிக்குது.' நான் சொன்னேன், 'வாத்துக்குச் சளி பிடிச்சிருக்கும், மிளகு வையி.' தொண்ணூத்தி ஒண்ணாம் நாளு மூணாந்தடவை. அன்னிக்கு சாமியானா போட ஆள் வந்திருக்கான், மேடை எந்தப் பக்கம்னு காட்டிக்கிட்டு இருக்கேன். வாத்துக்கதை கேக்க நேரமா அது? 'எதுவா இருந்தாலும் பக்கத்து மிஸ்சுக்கு எழுதிப் போடு'ன்னுட்டேன்.

இதைக் கவனிச்சுக்கங்க தம்பி. எழுதிப் போடுன்னு சொன்னதே நாந்தான். இதை எவனும் எங்கயும் சொல்ல மாட்டேங்குறான்.

அது நாலாங்கிளாஸ் படிச்சிருக்கு. எழுதியும் போட்டுருச்சு. மறுநாளு பெட்டியைத் தொறந்து படிச்சேன். வாத்து, வாய்க்கா, எறங்கலை, அப்படின்னு இருந்துச்சு. என்னைப் பத்தியும் ரெண்டு வரி இருந்துச்சு. மேல்கொண்டு படிக்கலை, மடிச்சுக் கால்நடைக் கட்டுல வச்சேன். வாத்து கால்நடைதானே? முறைப்படி வச்சேன்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சாம் நாளு, ஒரு செவ்வாக்கிழமை, மேடம் வந்தாங்க. 'அண்ணா, இவ்வளவு நியர் மிஸ் வந்திருக்கே, நான் ஒண்ணுகூடப் பாக்கலை. காட்டுங்க'ன்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். நாலு கட்டையும் தட்டுல வச்சுக் கொண்டுபோயி நீட்டுனேன். தாம்பாளத்துல வரிசை வைக்கிற மாதிரிதான்.

மேல கல்யாணக் கட்டு இருந்துச்சு. மேடம் ஒண்ணைப் பிரிச்சாங்க. படிச்சாங்க. என்னைப் பாத்தாங்க. அடுத்ததைப் பிரிச்சாங்க. 'அண்ணா, இது என்னவாக்கும்?'

'சாதகம் மேடம். பையன் நல்ல பையன், எனக்குத் தெரியும்.'

'இல்ல, இதை எதுக்குப் பெட்டியில போட்டிருக்கு?'

'உங்களுக்குத்தானே மேடம் போடச் சொன்னீங்க. நீங்கதானே நியர் மிஸ்.'

மேடம் மேசையில தலையைக் கவுத்துக்கிட்டாங்க. தோளு குலுங்குது. அழுவுறாங்களோன்னு பயந்துட்டேன். நிமுந்தா கண்ணுல தண்ணி, சிரிச்ச தண்ணி. அப்புறந்தான் சொன்னாங்க, நியர் மிஸ்னா நடக்கப்போயி, நடக்காம மயிரிழையில தப்புன விபத்துன்னு. மேலேர்ந்து ஸ்பேனர் விழுது, யார் மேலயும் படலை, அது நியர் மிஸ்சு. இன்னிக்கு அதைக் கவனிச்சாத்தான் நாளைக்கு ஒருத்தன் மண்டை தப்பும். அன்னிக்கு மீட்டிங்குல ஒரு மணி நேரம் இதைத்தான் சொன்னாங்களாம். நான் கேட்டேன், 'அந்த நேரத்துல என்னை டீ வாங்க அனுப்புனது யாரு மேடம்?'

சிரிச்சுக்கிட்டே கால்நடைக் கட்டைப் பிரிச்சாங்க. கன்னுக்குட்டி காணோம், அதுக்கும் சிரிப்பு. கோழியை நாய் தூக்கிருச்சு, அதுக்கும் சிரிப்பு. அடுத்த கடுதாசியைப் பிரிச்சாங்க. சிரிப்பு நின்னுருச்சு.

'அண்ணா, இந்த நடுவாய்க்கால் எங்க இருக்கு?'

'கெழக்கால மேடம், ஒரு முந்நூறு அடி.'

'நம்ம பைப் அதுக்கு அடியிலயா போகுது?'

'ஆமா மேடம். மஞ்சக்கல்லு நட்டிருக்கோமே.'

'இது வந்து எத்தனை நாளாச்சு?'

'மூணு நாளுதான் மேடம்'னேன்.

எந்திரிச்சவங்க நாற்காலி விழுந்ததைக்கூடப் பாக்கலை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கிட்டே ஓடுறாங்க. ஓடக்கூடாது, நடக்கணும்னு உள்ள நாந்தான் போர்டு எழுதி வச்சிருக்கேன். அதைச் சொல்லிக்கிட்டே நானும் பின்னாடி ஓடுனேன்.

வாய்க்கால்ல போயிப் பாத்தா, நடுத்தண்ணியில பொடிப்பொடியாக் குமிழி. அடுப்புல ஒலை கொதிக்கிற மாதிரி, நிக்காம. வாத்தெல்லாம் கரையில வரிசையா நிக்குது. அன்னிக்குத்தான் தம்பி அதுங்க வரிசையா நின்னு பாக்குறேன். அந்தப் பக்கத்து வயல்ல அறுப்பு முடிஞ்ச நெல்லுத்தாளைக் கொளுத்துறதுக்கு நாலு பேரு வைக்கப்பிரி முறுக்கிக்கிட்டு இருக்காங்க. காத்து இந்தப் பக்கமா அடிக்குது. இந்தப் பக்கம் படித்துறையில பாத்திரம் தேச்சுக்கிட்டு ஒரு பொம்பளை குந்தியிருக்கு.

கோமளா. என் சம்சாரம்.

அது தினமும் அங்கதான் பாத்திரம் தேய்க்குது. அந்த மூணு நாளும் அங்கதான் தேச்சுச்சு. அதை நெனைச்சா இப்பவும்... சரி விடுங்க. மேடம்தான் கத்தி, தீப்பெட்டியைப் புடுங்கி, எல்லாரையும் தூரமா வெரட்டி, போன் போட்டு, ரெண்டு பக்கமும் வால்வை அடைக்கச் சொன்னாங்க. அரை மணி நேரத்துல குமிழி அடங்கிருச்சு. தோண்டிப் பாத்தா குழாயில துருப்பிடிச்சு ஒரு ஓட்டை. மிளகு போற அளவுதான் இருக்கும். ரெண்டு நாள்ல அந்தத் துண்டையே எடுத்துட்டு வேற போட்டாங்க. வாத்துங்க மூணாம் நாளு தானா எறங்கிருச்சு.

எனக்கு என்னா கவலைன்னா, நம்பர். பூஜ்யம் மாட்டச் சொல்லிருவாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. மேடத்துக்கிட்ட கேட்டேன். 'யாருக்கும் அடிபடலையே அண்ணா. நம்பர் நிக்கும். இதுக்குப் பேருதான் நியர் மிஸ்'னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. அப்ப கேடயமும் நிக்கும்ல. நானா ஒரு கணக்குப் போட்டேன். ஆயிரம் நாளுக்கு நம்பர் மாத்துனது நான். கடுதாசியை எழுதச் சொன்னது நான். அதைத் தொலைக்காம நூல் கட்டி வச்சது நான். மேடத்துக்குத் தட்டுல வச்சுக் குடுத்தது நான். வேற யாரு இருக்கா?

ஆயிரமாவது நாளு. காலையில ஸ்டூல் ஏறுனா, கொக்கி மூணுதான் இருக்கு, ஆயிரத்துக்கு நாலு வேணும். யாருமே யோசிக்கலை. மொத ஒண்ணைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டேன். சட்டைக்கு இஸ்திரி. பூட்சை மச்சான்கிட்டயே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன், கரண்டு ஆபீசு பூட்சு நல்லா பளபளன்னு இருக்கும். என்னாத்துக்குன்னு கேட்டான். பேப்பர்ல பாருன்னேன்.

மேடையில டைரக்டர். வடநாட்டுக்காரரு, தமிழ் ஒரு எழுத்து தெரியாது, நல்ல மனுஷன், எல்லாத்துக்கும் சிரிக்கிறாரு. சாரு பேசுனாரு. மேடம் மைக்குக்கு வந்தாங்க. 'இன்னைக்குக் கேடயம் வாங்கப்போறவங்களைப் பத்தி நான் சொல்றதைவிட, பச்சைப் பெட்டியில வந்த ஒரு கடுதாசியை வாசிக்கிறேன்'னாங்க. சனம் கப்சிப்னு கேக்குது. 'பக்கத்து மிஸ் அவர்களுக்கு, வணக்கம். கேஸ் கம்பெனி கேட்டில் இருக்கும் வைரக்கண்ணு அவர்கள்...'

அந்த நேரம் பாத்து மைக்கு கொய்ங்னுருச்சு. செட்டுக்காரன் ஓடி வந்து வயரைத் திருகுறான்.

எம்பேரு வந்துருச்சு. எல்லாரும் திரும்பி என்னைப் பாக்குறாங்க. எந்திரிக்காம என்னா செய்வீங்க? எந்திரிச்சேன். யாரோ ஒருத்தன் கை தட்டுனான், உடனே சாமியானா முழுக்கக் கைதட்டு. நடந்தேன். கால்ல மச்சான் பூட்சு டக்கு டக்குங்குது. படியேறி டைரக்டருக்குக் கும்பிடு போட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் பொன்னாடையைப் போத்துனாரு. கேடயத்தை எடுத்துக் கையில குடுத்தாரு. கையைப் புடிச்சுக் குலுக்குனாரு. போட்டோக்காரங்க மூணு பேரு, இங்க பாருங்க சார், இங்க பாருங்கன்னு எடுத்துத் தள்ளுறாங்க. என் வாழ்க்கையில அந்த மாதிரி நான் சிரிச்சதே கெடையாது தம்பி.

மைக்கு சரியாயிருச்சு. மேடம் குனிஞ்சு படிக்கிறவங்க, மேடையில என்னா நடக்குதுன்னு பாக்கலை. விட்ட எடத்துலேர்ந்து படிக்கிறாங்க. '...வைரக்கண்ணு அவர்களிடம் மூன்று தடவை சொல்லியும் அவர் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. வாத்துக்கு மிளகு வை என்கிறார். நான் வாத்தை முப்பது வருசமாகப் பார்க்கிறேன். வாத்து பயந்தால் அந்தத் தண்ணியில் ஏதோ இருக்கிறது. அந்த ஆளுக்கு நம்பர்தான் முக்கியம். அவர் பெண்டாட்டியே அங்கேதான் பாத்திரம் தேய்க்கிறது. அந்தப் பெண்ணுக்காகவாவது வந்து பாருங்கள் மிஸ். இப்படிக்கு, வாத்து தையல்நாயகி.'

கேடயத்தோட நிக்கிறேன். கீழ சனம் சிரிக்குது பாருங்க, சாமியானா கம்பு ஆடுது. முன்வரிசையில கோமளா சிரிக்கலை. அது மட்டும் என்னையே பாத்துச்சு. தையல்நாயகி எங்கிட்ட மூணு தடவை சொன்னதெல்லாம் அதுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சிரிக்கிறதைப் பாத்து டைரக்டரும் சிரிச்சுக்கிட்டு மறுபடி என் கையைக் குலுக்குறாரு. அதுக்குள்ள தையல்நாயகி அந்தப் பக்கப் படியில ஏறி வந்துருச்சு, கக்கத்துல ஒரு வாத்து. போட்டோவுக்குன்னு சாரு கொண்டாரச் சொன்னாராம். எனக்கு நேரா வந்து நின்னு கையை நீட்டுச்சு. குடுத்தேன். பொன்னாடையையும் எடுத்துக் குடுத்தேன். அது வாத்து மேல போத்திருச்சு. போட்டோக்காரங்க அப்ப எங்கங்கிறீங்க? மூணு பேரும் பந்திக்குப் போயிட்டாங்க.

அந்தக் கேடயத்தை அது என்னா பண்ணுதுன்னு தெரியுமா? வாத்துப்பட்டிக் கதவுக்கு முட்டுக் குடுத்துருக்கு. நாலு நாளைக்கு முன்னாடி கண்ணால பாத்தேன். நான் பாத்ததைப் பாத்துட்டு, 'காத்துக்குக் கதவு நிக்கலைய்யா, இது நல்லா நிக்குது'ங்குது.

மறுநாளு பேப்பர்ல வந்துருச்சு தம்பி. கால் பக்கம், கலரு. டைரக்டரு கையைப் புடிச்சுக்கிட்டு, பொன்னாடையும் கேடயமுமா நான். மீசைமுடி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. கீழ என்னா போட்டிருக்கான்? 'வாத்துகளின் நடத்தையைக் கொண்டு எரிவாயுக் கசிவைக் கண்டுபிடித்த வடுவக்கொல்லை தையல்நாயகிக்கு இயக்குநர் கேடயம் வழங்கினார்.' சாரு முன்கூட்டியே எழுதிக் குடுத்ததை அப்படியே படத்துக்குக் கீழ போட்டுட்டான். மீசையைப் பாத்துமா ஒருத்தனுக்குத் தோணலை?

ஊர்ல இப்ப எல்லாரும் அப்படித்தான் கூப்புடுறாங்க. டீக்கடையில, தையல்நாயகிக்கு ஒரு டீங்கிறான். மச்சான் ரெண்டு நாளா எங்கிட்ட பேசவே இல்லையேன்னு நெனைச்சேன், வீட்டு நம்பருக்குப் போன் பண்ணி கோமளாகிட்ட, தையல்நாயகி அம்மா இருக்காங்களா, பூட்சு வேணும்னு கேட்டிருக்கான். கோமளா எங்கிட்ட போனைக் குடுக்கிறப்ப, 'ஒங்களுக்குத்தான்'னு மட்டும் சொல்லுச்சு. அது இப்ப பாத்திரத்தை வீட்டுக் கொல்லையிலதான் தேய்க்குது. குடத்துல தண்ணி நாந்தான் கொண்டாந்து ஊத்துறேன்.

அதான், இன்னிக்கு லீவு போட்டுட்டு திருவாரூர்ல அந்தப் பேப்பர் ஆபீசுக்கே போயிட்டு வர்றேன். தப்பா வந்தாத் திருத்தம் போடுவாங்கள்ல, சின்னக் கட்டத்துல. அதுக்குன்னே ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. மரியாதையான பொண்ணு, உக்காருங்க சார்னுச்சு. பேப்பரைப் பிரிச்சுக் காட்டுனேன். படத்தைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, 'மன்னிச்சுக்கங்க சார், கண்டிப்பாத் திருத்தம் போட்டுருவோம்'னுச்சு.

'உங்க பேரு சார்?'

'வைரக்கண்ணு.'

'நீங்க அந்த விழாவுல எப்படி சார் மேடைக்கு வந்தீங்க?'

நானும் ஒளிக்காம சொன்னேன். இப்ப உங்ககிட்ட சொன்னேன்ல, அதே மாதிரி மொதல்லேர்ந்து. அது பொறுமையா எழுதிக்கிட்டே இருந்துச்சு. முடிச்சுட்டு, 'இப்படிப் போட்டாச் சரியா இருக்குமா சார்'னு படிச்சுக் காட்டுச்சு.

'படத்தில் இருப்பவர் தையல்நாயகி அல்ல. கசிவைப் பற்றி அவர் மூன்று முறை சொல்லியும் கேட்காத காவலாளி வைரக்கண்ணு.'

அந்தப் பொண்ணு, 'தண்ணி வேணுமா சார்?'னு கேட்டுச்சு.

வேண்டாம்மா, அந்தத் திருத்தத்தைக் கிழிச்சுப் போட்டுரு. நான் தையல்நாயகியாவே இருந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.